பீரோவைத் திறப்பதற்கு முன்: திருச்சபை வரலாற்று ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் யாராவது ஒரு மாணவர் தலைப்போடு வந்து நிற்பார். "ஐயா, தமிழகத்தில் மிஷனெரிகளின் கல்விப் பணி என்று எடுத்திருக்கிறேன்" என்பார். எந்த மிஷனெரி, எந்த ஊர், எந்தப் பத்தாண்டு என்று கேட்டால் விழிப்பார். அந்தத் தலைப்பில் ஏற்கெனவே ஓர் அலமாரி நிறைய ஆய்வேடுகள் கிடக்கின்றன. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எல்லாவற்றிலும் சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்குவார், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறும், 1841-ல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்து சேர்வார், கடைசி அத்தியாயத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கதை முடியும். தேதிகள் சரியானவைதான். ஆனால் அந்த ஆய்வேட்டைப் படித்துத் தெரிந்துகொள்ள எதுவும் மிஞ்சாது.

அலமாரியில் இன்னொன்றைச் சேர்க்க விரும்பாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறையியல் கல்லூரியில் பி.டி., எம்.டிஎச். படிப்பவர்கள், பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் சேர்ந்திருப்பவர்கள், ஊர்ச் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு தலையில் விழுந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், நாளை இதே பாடத்தை வகுப்பில் நடத்தப் போகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தென்தமிழகத்தைச் சேர்ந்தவை. எனக்குக் கைவந்த மண் அது.

தலைப்பை நறுக்குங்கள்

ஒரு சபை, இருபது ஆண்டு, ஒரு கேள்வி. இதற்குமேல் வேண்டாம். கேள்வி கேள்வியாகவே இருக்க வேண்டும். 'பங்களிப்பு', 'தாக்கம்', 'வளர்ச்சி' என்று முடியும் தலைப்புகள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகின்றன. பங்களிப்பு என்று தலைப்பு வைத்துவிட்டுப் பங்களிப்பு ஒன்றுமில்லை என்று யாரும் முடிவுரை எழுதியதில்லை.

நான் மாணவர்களுக்குத் தரும் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். 1877-78 பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று ஒரு சாரார் அன்றே சொன்னார்கள்; ஆவியானவரின் செயல் என்று மறுசாரார் சொன்னார்கள். இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு ஊரின் பதிவேட்டை எடுங்கள். பஞ்சத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் எத்தனை பேருடைய பெயர் பத்து ஆண்டு கழித்துத் திடப்படுத்தல் பட்டியலிலும் விவாகப் பதிவேட்டிலும் நற்கருணைப் பட்டியலிலும் இருக்கிறது? நின்றவர்கள் யார், போனவர்கள் யார்? இது எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. விடை எதுவாக இருந்தாலும் அது புதிய செய்தி.

எந்த மிஷன் ஊர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தெற்கே இன்றும் பெரியவர்கள் "எங்களுடையது எஸ்.பி.ஜி. ஊர், அது சி.எம்.எஸ். ஊர்" என்று சொல்வதைக் கேட்கலாம். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மிஷன் சங்கங்கள். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தப் பிரிவுகள் காகிதத்தில் முடிந்துவிட்டன. ஆனால் ஆய்வாளருக்கு அவை முடியவில்லை. உங்கள் ஊரின் பழைய கடிதங்கள் இன்று எந்த நாட்டில், எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்பதை அந்த மூன்றெழுத்துதான் தீர்மானிக்கிறது.

சி.எம்.எஸ். என்றால் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகம். எஸ்.பி.ஜி. என்றால் ஆக்ஸ்போர்டின் போட்லியன். நாகர்கோவில், நெய்யூர் பக்கம் வேலை செய்த லண்டன் மிஷன் சங்கத்தின் தாள்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த அமெரிக்க மிஷனுக்கு ஹார்வர்டின் ஹூட்டன் நூலகம். தரங்கம்பாடிக்கும், பின்னால் வந்த லைப்சிக் லூத்தரன்களுக்கும் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனங்கள். டேனிஷ் அரசுத் தாள்களுக்குக் கோபன்ஹேகன். கத்தோலிக்க ஊர் என்றால் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இயேசு சபையாரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. விமானச் செலவு இல்லை, ஸ்வெட்டர் மட்டும் போதும்.

ஊர்களில் புழங்கும் சொற்களும் சபைக்குச் சபை வேறுபடும். திருநெல்வேலியில் சேகரம், திருமண்டலம். கத்தோலிக்கரிடம் பங்கு, மறைமாவட்டம். ஓரிடத்தில் ஐயர், ஓரிடத்தில் சாமியார், ஓரிடத்தில் போதகர். பழைய தாள்களில் உபதேசியார், கோயிற்பிள்ளை என்று வருகிறவரை அறிமுகமில்லாதவர்கள் கடைநிலைப் பணியாளர் என்று கடந்துபோய்விடுகிறார்கள். ஊரில் தினமும் ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, சண்டை தீர்த்து, ஐயர் வரும் நாளில் கணக்குக் காட்டியவர் அவர். உங்கள் ஆய்வின் நாயகர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

மலர், மணி, கல்லறை

லண்டனுக்குப் போகும் ஆசையைச் சற்றே தள்ளிவைத்து, ஊரில் தொடங்குங்கள். ஏறக்குறைய எல்லாச் சபைகளும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கோ நூற்றாண்டுக்கோ ஒரு மலர் போட்டிருக்கும். வாழ்த்துரைகளைப் புரட்டிவிடலாம். சபையில் பணியாற்றிய குருமார் பட்டியலைப் படி எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள். சென்னையில் மளிகைக் கடை, மும்பையில் பாத்திரக் கடை, சிங்கப்பூரில் வேலை என்று வாழ்த்துச் சொல்லியிருப்பவர்களின் முகவரியை வரிசைப்படுத்தினால், அந்த ஊரிலிருந்து யார் எப்போது எங்கே போனார்கள் என்று தெரிந்துவிடும்.

மலர் சொல்லும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். நான் எழுதிய முதல் கட்டுரையில் ஒரு சபையின் தொடக்க ஆண்டை மலரிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். கட்டுரை வெளியான பிறகு அந்த ஊருக்குப் போனபோது ஒரு பாட்டி என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், கள்ளிக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். மலர் சொன்ன ஆண்டுக்கு ஒன்பது ஆண்டு முந்தைய கல். ஆலயம் கட்டிய ஆண்டைச் சபை பிறந்த ஆண்டாக மலர்க்குழு எழுதிவிட்டது. "எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றார் பாட்டி. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கல்லறைத் தோட்டம், பிறகு ஆலய மணி. மணியின் விளிம்பில் வார்ப்பகத்தின் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் இருக்கும்.

ஊர்ப் பெயரும் ஆவணம்தான். முதலூர் என்ற பெயரே கதை சொல்கிறது: 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று, துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய முதல் ஊர். சாயர்புரத்துக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர் சாயர் என்ற வணிகர். டோனாவூரை, அங்கே பிள்ளைகள் இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு சேர்த்தே எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அந்த ஊர் இருந்தது. சி.எம்.எஸ். மிஷனெரியான ரேனியஸ் ஐயர் காலத்தில் பண உதவி செய்த டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர் அது. தெற்கத்தி வெயிலில் ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயர் பஸ் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவேடு

இப்போது பீரோவுக்கு வருவோம். ஆலயத்தின் பக்க அறையில், காணிக்கைப் பைகளுக்கும் பழைய ஒலிபெருக்கிக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ இருக்கும். அதற்குள் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகள். சாவி யாரிடம் என்பதுதான் முதல் சிக்கல். சேகரக் குருவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கல்லூரியிலிருந்து கடிதம் கொண்டுபோங்கள். சபைத் தேர்தல் நேரத்தில் போகாதீர்கள். "தம்பி எந்த அணி அனுப்பி வந்திருக்கிறார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துவிடும். சபைக்கு நிலவழக்கு நடக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய தாளைத் தேடும் அந்நியரை எல்லோரும் எதிர்க்கட்சி வக்கீலின் ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

அனுமதி கிடைத்தபின், கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். பேனா வேண்டாம், பென்சில் போதும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாக எடுங்கள். வேண்டிய வரியை மட்டும் எடுத்துவந்தால் வீட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வீர்கள். ராமபாணப் பூச்சி துளைத்த பக்கத்தை விரலால் நீவாதீர்கள்.

முதல் தடை எழுத்து. ஓலைப்பழக்கம் விடாத பழைய கையெழுத்தில் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகர ஒகரத்தில் குறில் நெடில் பிரிக்கவில்லை என்றால் இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ரகரமும் காலும் ஒன்றாகவே தெரியும். எண்கள் தமிழில் இருந்தால் ௲௮௱௭௰௭ என்பது 1877. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். இவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு கொல்லம் ஆண்டுக்கணக்கில் இருந்தால் 825-ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையும். வருவாய்த்துறைத் தாள்களில் வரும் பசலி ஆண்டுக்கு 590 கூட்டுங்கள். ஜனவரிக்குப் பின் என்றால் 591.

இரண்டாவது தடை பொறுமை. நான் பார்த்த ஓர் அடக்கப் பதிவேட்டைச் சொல்கிறேன். பஞ்ச ஆண்டுக்கு முன்வரை ஒரு பக்கம் நிறைய எட்டு, பத்து மாதம் ஆகியிருக்கிறது. உபதேசியாரின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பெயர், வயது, தகப்பன் பெயர், தெரு, மரணத்துக்குக் காரணம் எல்லாம் நிரப்பியிருக்கிறார். பிறகு ஒரு பக்கம் நிறைய ஒரு மாதமே ஆகிறது. பிறகு பதினோரு நாள். காரணம் என்ற கட்டத்தில் மேலே ஒருமுறை 'வாந்திபேதி' என்று எழுதிவிட்டு, கீழே பக்கம் முழுவதும் ௸, ௸, ௸ என்று மேற்படி போட்டுக்கொண்டே போயிருக்கிறார். நடுவில் எழுத்து மாறுகிறது. புதிய கை, கோணல் எழுத்து. இரண்டு வரி மேலே பார்த்தால் பழைய உபதேசியாரின் பெயரே பதிவாகியிருக்கிறது, காரணக் கட்டத்தில் அதே குறியோடு. அந்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போன அச்சடித்த அறிக்கையில் இந்த ஊரைப் பற்றி இருந்தது புதிதாகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை மட்டும்தான்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெரியவர்களின் பழைய பெயரும் புதிய பெயரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும். சுடலைமுத்து ஞானமுத்து ஆவார், முத்து போகாது. யார் வேதாகமப் பெயருக்கு மாறினார்கள், யார் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள், எந்தப் பத்தாண்டில் பழக்கம் மாறியது என்று எண்ணுங்கள். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்தச் சபை உருவாக முன்னின்ற குளோரிந்தா அம்மாள் உட்பட 40 பேர் இருக்கிறார்கள். அந்த நாற்பது பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுவதும் பேசலாம்.

உள்ளூர்ப் பதிவேடு கரையானுக்குப் போய்விட்டதென்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலகத் தாள்களில் நகல் இருக்கும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். சென்னை மாகாணத்து மதப் பதிவுகள் அங்கே இருப்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களுடையவை. உங்கள் ஊர்ச் சுடலைமுத்து அங்கே கிடைப்பது அரிது.

காட்டக் கூடாத பக்கங்கள்

பதிவேட்டைக் காட்டக் குருவானவர் தயங்கினால் அவரைப் பழமைவாதி என்று முடிவுகட்டாதீர்கள். 1950-ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, அட்டவணைச் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானப் பதிவு வெளியே வந்தால் அது ஒருவரின் வேலையையோ பிள்ளையின் கல்லூரி இடத்தையோ தொடும். உங்களுக்கு அது அடிக்குறிப்பு, அவர்களுக்குச் சாப்பாடு.

என் வழக்கம் இது: 1950-க்குப் பிந்தைய பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் எடுப்பேன், பெயர் எடுக்கமாட்டேன். அதற்கு முந்தையதிலும், வாழும் குடும்பம் அடையாளம் தெரியும் என்றால் பெயரை மாற்றிவிடுவேன். படங்களை இணையத்தில் ஏற்றுவதே இல்லை. "எல்லோருக்கும் பயன்படட்டும்" என்று நல்லெண்ணத்தோடு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆணையைப் படிக்கக் கொடுப்பேன்.

எழும்பூரில் ஒரு வாரம்

அடுத்து எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆய்வாளர் அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 'எக்லெசியாஸ்டிகல்' என்று மதத் துறைக்கே அந்தக் காலத்து அரசு ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தது; அதற்கு அட்டவணைகள் உண்டு. ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் சாப்ளின்கள் என்ற அரசுச் சம்பளக் குருமாரின் சம்பளமும் ஆலயப் பழுதுபார்ப்பும்தான். ஊரில் நடந்த சண்டை, மனு, தீ வைப்பு, நிலத்தகராறு எல்லாம் வருவாய், நீதி, பொதுத் துறைத் தாள்களில் ஒளிந்திருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் எழுதிய விதத்தில் தேட வேண்டும்: டின்னவெல்லி, பாளம்கோட்டா, டிராங்கேபார், எடயன்கூடி. ஒரே ஊருக்கு ஐந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். முதல் இரண்டு நாள் எதுவும் கிடைக்காது. மூன்றாம் நாள் தேடாத ஒன்று கிடைக்கும்.

மிஷன் சங்கங்களின் அச்சடித்த ஆண்டறிக்கைகள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முழுதாகப் படித்து முடித்த பிறகே வெளிநாட்டு நூலகத்துக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுங்கள். பழைய தமிழ் இதழ்களை மறந்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து உதயதாரகை 1841-லும் சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி 1855-லும் தொடங்கியவை. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இதழ்களையும் சிறு வெளியீடுகளையும் தேடுங்கள்.

கடிதத்தைப் படிக்கும் முறை

மிஷனெரிக் கடிதத்தைக் கையில் எடுத்ததும், யாருக்கு எழுதியது, என்ன வேண்டி எழுதியது என்று பாருங்கள். பணம் வேண்டியா, ஆள் வேண்டியா, பழியிலிருந்து தப்பவா? வேண்டுதல் இல்லாத கடிதத்தை நான் பார்த்ததில்லை. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்கள் 1710 முதல் ஹாலேயில் அச்சாயின. அச்சுக்குப் போகுமுன் அங்கிருந்தவர்கள் கத்தரித்தார்கள். காணிக்கை கொடுக்கிறவர்களின் மனம் கோணக் கூடாது அல்லவா? கையெழுத்துப் படியையும் அச்சுப் படியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், வெட்டப்பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் ஊர் இருக்கும்.

ரேனியஸ் விவகாரம் இதற்கு நல்ல பயிற்சி. 1820-ல் திருநெல்வேலிக்கு வந்தவர். ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து அச்சில் எழுதியதால் 1835-ல் சி.எம்.எஸ். அவரை விலக்கியது. ஊரை விட்டுப் போனவரை உபதேசியார்கள் எழுதித் திரும்ப அழைத்தார்கள், அவர் வந்தார், சபைகள் இரண்டுபட்டன. 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. சங்கத்தின் தீர்மானங்களைப் படித்தால் இது கீழ்ப்படியாத ஒரு ஜெர்மானியரின் கதை. ரேனியஸின் எழுத்தைப் படித்தால் மனச்சாட்சியின் கதை. உபதேசியார்கள் ஏன் அழைத்தார்கள் என்று கேட்டால்தான் அது திருநெல்வேலியின் கதை ஆகிறது. அந்த மூன்றாவது கேள்விக்குச் சிதறிய மனுக்களும் மேற்கோள்களும்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றைப் பொறுக்குவதுதான் உங்கள் வேலை.

சங்கங்களை விட்டு வெளியே போனவர்களையும் தேடுங்கள். நாசரேத் பக்கத்துச் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம் மிஷனெரியோடு முரண்பட்டுப் பிரிந்து, 1857-ல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தலைமை இல்லாத இந்துக் கிறிஸ்தவ சபையை நிறுவினார்; பழைய ஏற்பாட்டு முறைப்படி சனிக்கிழமை ஓய்வுநாளை வைத்துக்கொண்டார். 1849-ல் கால்டுவெல் எழுதி வெளியிட்ட 'சாணார்' என்று அன்று குறிக்கப்பட்ட நாடார்களைப் பற்றிய சிறு நூல் அந்தச் சமூகத்தில் மூட்டிய கோபமும் இந்தக் கதையில் உண்டு. மிஷன் கடிதங்களில் சட்டாம்பிள்ளை ஒரு தொல்லை. அவருடைய சபையாருக்கு அவர் பண்டிதர்.

வழக்குத் தாள்கள் பொக்கிஷம். வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் பீடத்தில் சந்திக்கும் இரண்டு நீண்ட கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். நடுச்சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது, வழக்கு உயர் நீதிமன்றம்வரை போனது. கட்டடத்தின் வரைபடம், குருக்களின் கடிதம், நீதிமன்றச் சாட்சியம் என்று ஒரே சண்டைக்கு மூன்று வகை ஆவணங்கள். சாட்சிக் கூண்டில் நின்றவர்கள் பேசியதில் ஒரு பகுதியாவது எழுத்தில் இருக்கிறது. பங்குத் தாள்களில் அப்படிப்பட்ட குரல் கிடைக்காது.

எழுதும்போது

'மதம் மாற்றப்பட்டனர்' என்று எழுதாதீர்கள். யார் மாற்றியது, யார் மாறியது என்பதைச் செயப்பாட்டு வினை விழுங்கிவிடுகிறது. ஊரில் 'வேதத்தில் சேர்ந்தார்கள்' என்பார்கள், சேர்ந்தவர்கள்தான் எழுவாய். பழைய ஆவணத்தில் வரும் இழிவான சாதிப்பெயரை மேற்கோளில் ஒருமுறை, காரணத்தோடு காட்டுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் இன்றைய பெயரைப் பயன்படுத்துங்கள். 'முதல்' என்ற சொல்லுக்கு ஒவ்வொரு இடத்திலும் சான்று வேண்டும்: முதல் பள்ளி, முதல் பெண், முதல் அச்சகம். தமிழில் அச்சடித்தது தரங்கம்பாடிக்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்கர் செய்த வேலை. இதைச் சொன்னால் சில லூத்தரன் நண்பர்களுக்கு இன்றும் முகம் சுருங்கும்.

பேட்டி எடுக்கும்போது நேராக வரலாற்றைக் கேட்காதீர்கள். "உங்கள் சிறுவயதில் மணி அடித்தது யார்? அசனத்துக்கு (சபை விருந்துக்கு) அரிசி யார் வீட்டிலிருந்து வந்தது? எந்தத் தெருக்காரர் எங்கே உட்கார்ந்தார்கள்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு மௌனம் வரும். அதை நீங்களாகப் பேசி நிரப்பிவிட வேண்டாம்.

வகுப்பறை

கற்பிக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் பாடத்திட்டங்களில் நவீன காலம் ஐரோப்பாவில் தொடங்கி, கப்பலேறி வந்து, 1947-ல் கொடியேற்றி நின்றுவிடுகிறது. திருச்சபை வரலாற்றை நாட்டு மக்களின் சமூக, பண்பாட்டுப் பின்னணியில், சபைப் பிரிவு கடந்து எழுத வேண்டும் என்று 1935-ல் தொடங்கிய இந்தியத் திருச்சபை வரலாற்றுக் கழகம் தன் பல தொகுதி வரிசைக்கு நெறி வகுத்தது. ஆனால் தேர்வு வினாத்தாள் அதைக் கேள்விப்பட்டது போலவே தெரியவில்லை. கழகத்தில் மாணவப் பருவத்திலேயே சேருங்கள். அதன் ஆய்விதழைப் படியுங்கள். பட்டம் என்றால் செராம்பூர் பேரவையின் கீழுள்ள கல்லூரிகள் ஒரு வழி. மதுரை அரசரடி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி இந்த வரிசையில் வருபவை. பெங்களூர்க் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தை எந்தக் கல்லூரி மாணவரும் பார்த்துவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவவியல் துறை இன்னொரு வழி.

முதல் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. ஒவ்வொருவரும் தன் குடும்பத்தில் முதலில் சபைக்கு வந்தவரைப் பற்றி வீட்டில் கேட்டு ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்று எழுதலாம். அந்தத் தாள்களை யாரும் சத்தமாகப் படிக்க வேண்டியதில்லை. வகுப்பில் பல சாதியாரும் இருப்பார்கள். ஒருவனின் பாட்டன் கூடத்தின் இந்தப் பக்கம், இன்னொருவனின் பாட்டன் அந்தப் பக்கம்.

பிறகு இரண்டு குரல்களைப் பக்கத்தில் வைக்கும் வகுப்பு. ஒரு பக்கம், திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்த பெரும் கவிஞர். புதிதாக வந்த மிஷனெரிகள் பழைய வேதாகம மொழிபெயர்ப்பையும் பாடல் வழக்கங்களையும் மாற்றியதையும், ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேறுபாட்டை அகற்றச் சொன்னதையும் அவர் ஒருசேர எதிர்த்தார். மறுபக்கம், ஆலயத்தில் சாதியை உடனே, முழுவதும் விட வேண்டும் என்று 1833-ல் ஆணையிட்ட கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். அதுவரை "நம் மக்களின் குரல்" என்று ஆவலாகத் தேடிய மாணவர்கள் திணறுவார்கள். நம் கவிஞர் சாதியின் பக்கம் நிற்கிறார், வெள்ளைக்காரப் பேராயர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். போதாததற்கு, அந்த ஆலயத்தில் ஒதுங்கி உட்காரவைக்கப்பட்டவர் எழுதிய தாள் இரண்டு பக்கத்திலும் இல்லை. "அவர் என்ன சொல்லியிருப்பார் ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டார். கற்பனையாக எழுதிவிடாதே, எங்கே தேடலாம் என்று மட்டும் பட்டியல் போட்டு வா என்றேன். அந்தப் பட்டியல்தான் பின்னால் அவருடைய எம்.டிஎச். ஆய்வாயிற்று.

1947-க்குப் பிந்தைய காலத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு நூற்றாண்டு மலரோ பழைய பதிவேடோ பெரும்பாலும் கிடைக்காது. சுவரொட்டி, கன்வென்ஷன் நோட்டீஸ், ஒலிநாடா, வாட்ஸ்அப் ஜெபக் குழு இவைதான் ஆவணம். நோட்டீஸை இன்றே சேர்த்து, தேதி எழுதி வையுங்கள். அதை வேறு யாரும் சேர்ப்பதில்லை.

ஆய்வேடு முடிந்து பட்டம் வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலானோர் மறந்துவிடுவது. இரண்டு படிகளோடு அந்த ஊருக்குப் போங்கள். ஒன்றைச் சேகரக் குருவிடம் கொடுங்கள். மற்றதைச் சாவி வைத்திருக்கும் கோயில் பணியாளரிடம் சொல்லிப் பீரோவைத் திறக்கச் செய்து, அடக்கப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். போகிற வழியில் நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வசம்பு வாங்கிக்கொள்ளுங்கள். துணியில் முடிந்து உள்ளே போட்டுவிட்டு வந்தால் பூச்சி அண்டாது.